யார் சொன்னால் கேட்பீர்கள்

வடுவம்மாளுக்கு எப்போதும் முதலில் கேட்பது அந்தக் கனைப்புதான். உப்புக்காற்று குடித்துக் குடித்து உள்ளே அடைத்துப்போன தொண்டையின் கனைப்பு. அதற்கப்புறம்தான் பேச்சு வரும்.

"இந்தா, கெளம்பு. காத்து பெருசா வருது."

பேசுகிறவர் அவள் புருசன் அய்யாக்கண்ணு. அவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது.

இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அரசாங்கம் கொடுத்த பெட்டி. உள்ளங்கையில் அடங்கும், மஞ்சள் நிறம், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு, முனையில் டார்ச் லைட்டு. புயலோ வெள்ளமோ வரும்போது மட்டும் அது பேசும். தெருக்காரர்கள் அதற்குக் கூப்பாட்டுப் பெட்டி என்று பேர் வைத்திருந்தார்கள்.

அதற்கு முன்னால் சங்கு இருந்தது. கம்பத்தில் கட்டி வைத்த சங்கு ஊதினால் எல்லோரும் புயல் கட்டடத்துக்குப் போய்விட வேண்டும் என்பது உத்தரவு. யார் போனார்கள்? ஆட்டை அவிழ்த்து விட்டுவிட்டு எவன் போவான்? போன தடவை சங்கு ஊதிக் காற்றே வராமல், திரும்பி வந்து பார்த்தால் கோழியைக் காணவில்லை. உப்பளத்துக் கூலிக்காரனுக்கு ஆபத்து என்பது வருசத்துக்கு ஒருநாள் வருகிற விருந்தாளி இல்லை. அவன் அதோடுதான் தினமும் பழைய சோறு தின்கிறான். சங்கு ஊதுகிறவனுக்கு இது தெரியவில்லை. வடுவம்மாள் இருக்கிற தாசன்திட்டுத் தெருவிலேயே ஒரு வருசம் கடல் உள்ளே ஏறி, சங்கு ஊதிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் செத்தார்கள்.

அதன்பிறகுதான் மேலே இருக்கிறவர்களுக்கு ஒரு விசயம் உறைத்தது. தகவல் வந்தது என்று மனுசன் எழுந்திருக்க மாட்டான். தனக்கு வேண்டிய மனுசன் கூப்பிட்டால்தான் எழுந்திருப்பான். இயந்திரத்துக்கு இப்போது யார் குரலில் வேண்டுமானாலும் பேச வரும். அப்புறம் என்ன? ஒவ்வொருத்தருக்கும் அவரவர் கேட்கிற குரலிலேயே சொல்லிவிடலாம் என்று திட்டம் போட்டார்கள்.

குரல் எடுக்க வந்தவள் பவளக்கொடி. பக்கத்து மணல்மேட்டுப் பெண். அவள் அம்மா தலையில் உப்புச் சுமந்து இவளைப் படிக்க வைத்தாள். பவளக்கொடி ரேசன் கடைக்குள்ளே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டாள். யார் சொன்னால் கேட்பீர்கள் என்று கேட்டாள். பிறகு கொஞ்ச நேரம் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசச் சொல்லிப் பதிவு பண்ணிக்கொண்டாள். யார் யாரைச் சொன்னார்கள் என்று வெளியே மூச்சு விடமாட்டேன் என்று முதலிலேயே சத்தியம் செய்துவிட்டாள். விட்டால் தெருவில் மண்டை உடையும் என்று அவளுக்குத் தெரியும்.

"சொல்லுங்க அத்தாச்சி. யாரு சொன்னா மறுபேச்சு பேசாம எந்திரிச்சு வருவீங்க?"

வடுவம்மாள் பேர் சொல்ல மாட்டாள். தாடையால் வாசலைக் காட்டினாள்.

பவளக்கொடி எட்டிப் பார்த்தாள். "யாரு, அங்க படுத்திருக்கே அந்த நாயா?"

"நாய் இல்லடி. அதுக்குப் பக்கத்துல பீடி குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கே, அது."

பவளக்கொடிக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "சரி, வூட்டுல அவர்கிட்ட தெனமும் என்ன பேசுவீங்களோ, அதைப் பேசுங்க."

வடுவம்மாள் யோசித்தாள். அப்படி என்ன பேசிவிடுகிறோம்? பாத்தியில் காலையிலிருந்து உப்பு வாருகிறவர்களுக்குப் பேச எச்சில் ஏது? சாயங்காலம் உலை வைக்க அவள் முன்னால் கிளம்புவாள். வரப்பில் நின்றபடி ஒரு குரல் கொடுப்பாள். அதையே சொன்னாள்: "இஞ்சாருங்க, நான் முன்னாடி போறேன். நீங்க பின்னாலயே வந்து சேருங்க." அதற்கு அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கையை மட்டும் ஆட்டுவார், ஈ ஓட்டுகிற மாதிரி.

அவள் வெளியே வந்ததும் அய்யாக்கண்ணு உள்ளே போனார். திரும்பி வந்தவரைப் பக்கத்து வீட்டு ரெத்தினசாமி மடக்கினார்.

"யாரய்யா சொன்ன?"

"வேற யாரு, கங்காணியத்தான். அவன் கத்துனாத்தான இந்தக் காலு நகருது."

எல்லோரும் சிரித்தார்கள். வடுவம்மாளும் சிரித்தாள். ஆனால் மீன்முள் மாதிரி ஒன்று தொண்டையில் நின்றுவிட்டது. இவள் ஒரு நொடி யோசிக்காமல் அவரைக் காட்டினாள். அந்த மனுசனுக்கு முப்பது வருசம் சோறு போட்டவள் நினைவுக்கு வரவில்லை, கூலியைப் பிடித்துக்கொள்கிற கங்காணி நினைவுக்கு வந்திருக்கிறான். அவர் எப்போது அவள் பேச்சைக் கேட்டிருக்கிறார்? தண்ணி குடியுங்கள் என்பாள், குடிக்க மாட்டார். செருப்புப் போடுங்கள் என்பாள், போட மாட்டார்.

அந்த ஆவணியில் ஒத்திகை நடந்தது. நல்ல வெயில். மேகமே இல்லாத நாள். எல்லோர் பெட்டியும் ஒரே நேரத்தில் கூப்பிட்டது. ஒத்திகை என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பாதிப்பேர் போகவே இல்லை. வடுவம்மாள் சாவகாசமாகத்தான் போனாள். போனால், புயல் கட்டடத்து வாசற்படியில் அவளுக்கு முன்னாலேயே அய்யாக்கண்ணு உட்கார்ந்திருந்தார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. முழங்கால் வரை உப்புச்சேறு. கையில் உப்பு இழுக்கிற வாருபலகை அப்படியே இருக்கிறது. பாத்தியை நடுவில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

"என்ன மாப்ள, கங்காணி பலமா கத்திப்புட்டானா?" என்றார் ரெத்தினசாமி.

"தண்ணி தவிச்சுது. இங்கதான் குழாயில நல்ல தண்ணி வருதுன்னு வந்தேன்."

அன்றைக்கு அவர் ஒரு செம்புத் தண்ணீர் முழுசாகக் குடித்தார். பொய்யை மெய்யாக்க வேண்டுமே.

அந்தத் தண்ணீரை முன்னாலேயே குடித்திருக்கலாம். வருசக்கணக்காக வெயிலில் வற்றிய உடம்பு. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று வடுவம்மாள் கத்தினாள், அழுதாள், காலில் விழுந்தாள். அறுவடை முடியட்டும் என்றார். முடிந்தபோது அவரும் முடிந்திருந்தார். என் பேச்சைக் கேட்கவே கேட்காத மனுசன் என்று சொல்லிச் சொல்லித்தான் அவள் ஒப்பாரி வைத்தாள்.

இறந்தவரின் பெட்டியைத் திருப்பிக் கேட்டு பவளக்கொடி வந்தபோது, "அது அவுரு கழுத்தோட போயி எரிஞ்சிட்டு" என்று வடுவம்மாள் சொன்னாள். எரியவில்லை. டிரங்குப் பெட்டியில் அவருடைய துண்டுக்கு அடியில் கிடந்தது. ஏன் பொய் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் தொட்டுக்கொண்டிருந்த ஒன்றைக் கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருசமே ஒரு புயல் வந்தது. அவள் கழுத்திலிருந்த பெட்டி கனைத்தது.

"இந்தா, கெளம்பு."

வடுவம்மாள் அலறியடித்துக்கொண்டு ஓடினாள். புயலுக்கு இல்லை, அந்தக் குரல் கட்டடத்தில் இருக்கும் என்று நினைத்தவளைப் போல ஓடினாள். வாசற்படி ஏறியதும் பெட்டி ஓய்ந்துவிட்டது. ஆள் வந்து சேர்ந்துவிட்டால் அது பேசாது. அப்படித்தான் செய்திருந்தார்கள்.

அடுத்த வருசம் ஆடு அவிழ்ந்துகொண்டதால் கொஞ்சம் தாமதம். பெட்டி மறுபடி கனைத்தது. "இன்னும் என்ன பண்ணுற? ஆட்டையும் புடிச்சுக்கிட்டு வா." அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. போய்விட்டால் அவர் பேசமாட்டார். போகாவிட்டால் பேசுவார். போகாமல் இருக்க இருக்க இன்னும் தணிந்து, இன்னும் நெருங்கிப் பேசுவார்.

இதைக் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்தி மட்டும் இல்லை. ஊருக்கு ஊர் இருந்தார்கள். அதனால்தான் இந்த வருசம் மழைக்கு முன்னால் பவளக்கொடி வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"அத்தாச்சி, வேற யாரு கொரலாச்சும் சொல்லுங்க. ஒங்க மவ கொரல வச்சிருவமா?"

"அவ திருப்பூர்ல இருக்கா. அவ கூப்புட்டா, நீ முதல்ல இங்க வாடிம்பேன்."

"செத்தவங்க கொரலையெல்லாம் எடுத்துரச் சொல்லி மேலேருந்து உத்தரவு வந்துட்டு."

"ஏன்? செத்தவன் சொல்லக் கூடாதா?"

பவளக்கொடி தேங்காய் ஓட்டை எடுத்துத் தரையில் கோடு போட்டாள். "மொத தடவ, செத்தவங்க கொரலுக்குத்தான் சனம் ரொம்ப வேகமா ஓடியாருது. உசுரோட இருக்குறவன் கூப்புட்டாகூட அப்புடி வாறது இல்ல. ரெண்டாவது தடவ கொஞ்சம் மெதுவா வருது. மூணாவது தடவ உக்காந்துக்குது. போன வருசம் வடக்க ஒரு ஊருல ஒரு பெரியவரு, பொண்டாட்டி கூப்புடக் கூப்புடக் கேட்டுக்கிட்டே தண்ணியில போயிட்டாரு. காப்பாத்தத்தான் இந்தப் பெட்டியச் செஞ்சாங்க அத்தாச்சி. பாசம்னு ஒண்ணு அதுக்குள்ள புகுந்து கெடுத்துப்புட்டு."

"எடுத்துக்க. எடுத்துட்டுப் போ. அதுக்கப்பறம் எவன் சொன்னாலும் நான் எந்திரிக்க மாட்டேன், பாத்துக்க."

பவளக்கொடி தேங்காய் ஓட்டைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "நீங்க எந்திரிக்காட்டி நான் போவ முடியாது. தெருவுல கடைசி ஆளு படி ஏறுன பொறவுதான் நான் ஏறணும். அதான் என் வேல. எனக்கும் ரெண்டு வயசுல ஒண்ணு இருக்கு. அது மணல்மேட்டுல எங்கம்மாகிட்ட அழுதுகிட்டு இருக்கும்."

வடுவம்மாள் அடுப்பை ஊதினாள். புகை கண்ணில் அடித்தது என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"இந்த ஒரு மழைக்கு மட்டும் வுட்டு வையி, அம்மாடி. மொத கூப்பாட்டுக்கே வந்துர்றேன்."

பவளக்கொடி விட்டு வைத்தாள். அவள் உத்தியோகத்துக்கு அது தப்பு. அவளும் உப்புச் சுமந்தவள் மகள்தானே.

கார்த்திகையில் துறைமுகத்தில் பத்தாம் எண் கூண்டு ஏறியது. அன்றைக்கே வடுவம்மாள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். குடிசைக் கூரைக்குக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினாள். தீப்பெட்டியை எண்ணெய்த்தாளில் சுற்றினாள். புயல் அடித்தால் கரண்டு வர வாரக்கணக்காகும். வெளிச்சத்துக்கு ஒரு டார்ச் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று, டிரங்குப் பெட்டியைத் திறந்து துண்டுக்கு அடியில் கிடந்த அவருடைய பெட்டியை எடுத்துச் சார்ஜில் போட்டாள். நிரம்பியதும் பிடுங்கி மாடத்தில் வைத்தாள். அணைந்து கிடந்த பெட்டி டார்ச்சை அமுக்கினால்தான் முழிக்கும்; அதை அமுக்கிப் பார்க்கவில்லை. இருக்கிற சார்ஜை எதற்கு வீணாக்க வேண்டும்?

மறுநாள் உச்சி சாயும் நேரத்தில் கழுத்துப் பெட்டி கனைத்தது.

"இந்தா, கெளம்பு. இது சாதாரணக் காத்து இல்ல."

வடுவம்மாள் எழுந்தாள். வாக்குக் கொடுத்திருக்கிறாளே. ஆட்டை ரெத்தினசாமி பொண்டாட்டி கையில் பிடித்துக் கொடுத்து, "நீ முன்னால போ, நான் வூட்டைப் பூட்டிக்கிட்டு வாறேன்" என்றாள். உள்ளே வந்தாள். பூட்டைத் தேடினாள். பூட்டு கையில்தான் இருந்தது.

இன்னும் ஒரே ஒரு தடவை. இதற்கப்புறம் எடுத்துவிடுவார்கள். இனிமேல் அந்தக் கனைப்பு இந்த உலகத்தில் எங்கேயும் இருக்காது.

கதவைச் சாத்திவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் என்ன பண்ணுற?"

"உக்காந்திருக்கேன்."

"தண்ணி வரப்பத் தாண்டிட்டு. எந்திரி."

"சாப்புட்டீங்களா?"

பெட்டி கொஞ்சம் தயங்கியது. பதில் தேடுகிறது போல. "மொதல்ல வா. அப்பறம் பேசிக்கலாம்."

"அப்பறம் எங்க பேசுறீங்க? நான் வந்துட்டா வாயத் தொறக்க மாட்டீங்களே. உசுரோட இருந்தப்பவும் அதே கதைதான்" என்று வடுவம்மாள் சிரித்தாள். வெளியே யார் வீட்டுத் தகரமோ பிய்த்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

கதவு படாரென்று திறந்தது. தலையிலிருந்து கால் வரை நனைந்து பவளக்கொடி நின்றாள். முழங்கை கிழிந்து ரத்தம் மழையோடு வழிந்தது.

"எல்லாரும் ஏறியாச்சு அத்தாச்சி. நீங்க மட்டுந்தான். வாக்குக் குடுத்தீங்களே!"

"நீ போ, அம்மாடி. உனக்குப் புள்ள இருக்கு."

"நீங்க இல்லாம போவ மாட்டேன். கடல் உள்ள வந்துட்டு. எந்திரிங்க."

"கையில என்னடி ரத்தம்? உள்ள வா, பாப்பம்."

கரண்டு எப்போதோ போயிருந்தது. குடிசை இருட்டிக் கிடந்தது. காயத்தைப் பார்ப்பதற்காக வடுவம்மாள் மாடத்தில் துழாவி அவருடைய பெட்டியை எடுத்து டார்ச்சை அமுக்கினாள். வெளிச்சம் வந்தது. கூடவே குரலும் வந்தது.

"இஞ்சாருங்க."

வடுவம்மாள் பெட்டியைத் தள்ளிப் பிடித்தாள். பெண் குரல். கொஞ்சம் கீச்சென்று, கொஞ்சம் அதட்டலாக.

"யாருடி இவ?" என்றாள். "அந்த மனுசன் பெட்டியில யாருடி ஒரு பொம்பள?"

பவளக்கொடிக்கு அந்த நிலையிலும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. "நல்லாக் கேளுங்க."

"இஞ்சாருங்க, காத்து பெருசா வருது. நான் முன்னாடி போறேன். நீங்க பின்னாலயே வந்து சேருங்க."

தன் குரல் வெளியிலிருந்து வந்தால் எவருக்கும் அது அந்நியக் குரல்தான். ஆனால் அந்த வார்த்தைகளை அவளுக்குத் தெரியும். முப்பது வருசம் வரப்பில் நின்று சொன்ன வார்த்தைகள். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்த வார்த்தைகள்.

"கங்காணியச் சொன்னேன்னாரே" என்றாள்.

"அது வெளியில இருந்த ஆம்பளைங்களுக்கு. உள்ள வந்து என்கிட்ட உங்களத்தான் சொன்னாரு. நான் சொல்லக் கூடாது அத்தாச்சி, சத்தியம் பண்ணியிருந்தேன். பெட்டி எரிஞ்சு போச்சுன்னு நீங்க சொன்னீங்க. அதனால பெட்டிய வாங்கி இந்தக் கொரல எடுக்கவும் இல்ல."

ஒத்திகை நாள் அவள் கண் முன்னால் வந்தது. வாருபலகையோடு படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கியவர். மேகமில்லாத வெயிலில், ஒத்திகை என்று தெரிந்தும், பாத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தவர். தண்ணி தவிச்சுதாம்.

கழுத்திலிருந்த பெட்டி கனைத்தது. "இந்தா, வா." கையிலிருந்த பெட்டி சொன்னது: "பின்னாலயே வந்து சேருங்க." மறுபடி அது. மறுபடி இது. இருக்கிறவளை இறந்தவன் கூப்பிட்டான்; இறந்தவனை இருக்கிறவள் கூப்பிட்டாள். நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் கிளப்பப் பார்க்கிறார்கள், இருவரும் நகரவில்லை. அவர் எப்படி நகர்வார்? முன்னால் போகிறேன் என்றவள் இன்னும் போகவில்லையே. அவள் போனால்தானே அவர் பின்னால் வருவார்?

வடுவம்மாள் எழுந்தாள். அவருடைய துண்டை எடுத்து பவளக்கொடியின் முழங்கையில் இறுக்கிச் சுற்றினாள். அவர் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"நான் முன்னாடி போறேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று பவளக்கொடி கேட்கவில்லை.

வெளியே வரப்பும் பாதையும் ஒன்றாகிக் கிடந்தன. தண்ணீர் இடுப்பில் அடித்தது. எது பாதை, எது பாத்தி என்று தெரியாத வெள்ளத்தில் வடுவம்மாளின் கால்தான் வழி பிடித்தது. அவள் இடுப்புச்சேலையைப் பிடித்துக்கொண்டு பவளக்கொடி வந்தாள். காற்று கீழே தள்ளும். இவள் அவளைத் தூக்குவாள், அவள் இவளைத் தூக்குவாள். கையில் ஒரு குரலும் கழுத்தில் ஒரு குரலும் கூப்பிட்டுக்கொண்டே வந்தன.

புயல் கட்டடத்துப் படியில் கால் வைத்ததும் இரண்டு பெட்டியும் ஒரே நேரத்தில் ஓய்ந்தன.

உள்ளே தெருவே நனைந்து உட்கார்ந்திருந்தது. ரெத்தினசாமியின் பொண்டாட்டி ஆட்டைக் கட்டிப்பிடித்தபடி அழுதாள். பவளக்கொடியின் வயர்லெஸ் கரகரத்தது. ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி பதறினார்.

"தாசன்திட்டுல பெட்டிக் கணக்கு உதைக்குதும்மா. உசுரோட இருக்குற ஆளை விட ஒரு ஆளு கூட வந்திருக்குன்னு காட்டுது. யாரு அது? வெளியூர் ஆளா?"

பவளக்கொடி வடுவம்மாளைப் பார்த்தாள். அவள் பாயில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க ஊர் ஆளுதான் சார். கொஞ்சம் பின்னால வந்தாரு. வந்து சேந்துட்டாரு."

தண்ணீர் வடிந்தபோது வடுவம்மாளின் வீடு இருந்த இடத்தில் அடுப்புக்கல் மட்டும் கிடந்தது. தெருவில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. தற்காலிகக் கொட்டகைகள் போட்டார்கள். தை பிறந்து பாத்திகளைத் திருத்தத் தொடங்கிய பிறகு பவளக்கொடி வந்தாள். வடுவம்மாள் மடியிலிருந்து அய்யாக்கண்ணுவின் பெட்டியை எடுத்து, அவளாகவே நீட்டினாள்.

"இந்தா. எரியல."

"தெரியும்" என்றாள் பவளக்கொடி. "அவரு கொரலயும் எடுத்துரணும் அத்தாச்சி."

"எடுத்துரு. எத்தன வருசந்தான் தொண்டையச் செருமிக்கிட்டே கத்துவாரு, பாவம்."

"அப்ப உங்களுக்கு யாரு கொரல வைக்க? யாரு சொன்னா கேப்பீங்க?"

வடுவம்மாள் வாருபலகையை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"எங்கொரலயே வையி."

"உங்க கொரலா? உங்க பேச்ச நீங்களே கேப்பீங்களா?"

"அந்த மனுசனே கேட்டிருக்காரு" என்றாள் வடுவம்மாள். "நான் கேக்க மாட்டனா?"